எட்டு ரூபாய் கண்டன்சர்

அழகர் மலைக்குத் திரும்பிப் போன மறுநாள்
விடியுமுன்னே ஆற்றுக்குள் இறங்கினோம், மூன்று பேர்.
மாநகராட்சி லாரி அள்ளியது போக
மணலில் மிச்சமிருந்தது
தண்ணீர்ப் பாக்கெட், ஒற்றைச் செருப்பு,
மொட்டையடித்த தலைகளின் சந்தன வாசம்.

ஜைலானி கையில் புது மெஷின்.
திரையில் எண் காட்டும்,
ஆணிக்கு ஓர் எண், பொன்னுக்கு ஓர் எண்.
ஜெசிந்தாவிடம் கரண்டியும் சல்லடையும்.
என்னிடம் பழசு.

மஸ்கட்டிலிருந்து மச்சினன் கொண்டுவந்து
கடனுக்கு ஈடாகக் கொடுத்தது.
பேட்டரி மூடிக்கு சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம்,
தட்டின் விரிசலுக்கு எம்சீல்.
முள் நாற்பதைத் தாண்டாது;
தட்டினால் தாண்டும், பிறகு இறங்காது.
பதினெட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்.
மெட்டி பதினொன்று,
இருபது பைசா அலுமினியம் எண்ணி மாளாது,
ஒரு தாலிக்குண்டு.
உரியவளைத் தேடிப் பிடிக்க ஐந்து மாதம்,
வாங்கிக்கொண்டு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
கீழடிப் பக்கம் மட்டும் போனதில்லை.
அங்கே தோண்டப் படித்தவர்கள் இருக்கிறார்கள்,
கையில் தூரிகையோடு.

இன்றைக்குத் தேடுவது
பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டபிள் பாண்டிமீனாவின் தோடு.
“இடது காது. மூணு கிராம்கூட இருக்காது.
அடகுலருந்து மீட்டு ஒம்பது நாள்தான் ஆச்சு” என்றாள்,
தொப்பியைக் கழற்றாமல்.

யானைக்கல் பாலத்துக்குக் கீழே
ஜைலானி நின்றான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல
அவன் முகம் திரும்பியது,
ஜெசிந்தாவின் முகமும் திரும்பியது.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.
சல்லடையில் மூன்றாம் அலசலில் தோடு வந்தது.
திருகாணி வரவில்லை.

மில்லில் ரிங் பிரேம் பிரிவு, இருபத்திரண்டு வருஷம்.
போன தை மாதம் பெரியாஸ்பத்திரியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து
கையில் பொத்தானைக் கொடுத்தார்கள்.
சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.
அமுக்கினேன், அமுக்கினேன்,
பிறகு வெகுநேரம் சும்மா இருந்தேன்.
முடிந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தால்
அந்தப் பெண் இன்னும்
குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள்.
தாளில் என் காதின் கோடு
யானைமலையின் முதுகு போலச் சமமாக வந்து
தும்பிக்கை போல இறங்கியது.

பழசின் குரலும் அப்படித்தான் இறங்கியது,
வருஷத்துக்கு ஒரு விரற்கடை.
வந்த புதிதில் விசிலடித்தது.
அப்புறம் புல்லாங்குழல்.
இப்போது கிணற்றடித் தவளை.
எனக்குக் கேட்கிற இடமாகப் பார்த்து
இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறது,
ஆணிக்கும் அதே குரல்,
பொன்னுக்கும் அதே குரல்.

சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
ஜைலானி அதன் வயிற்றைத் திறந்தான்.
“கண்டன்சர் வத்திப்போச்சுண்ணே. எட்டு ரூவா.
மாத்திவிட்டா பழைய மாதிரி விசிலடிக்கும்,
இருங்க, அஞ்சு நிமிஷம்.”
சால்டரிங் கம்பி சூடேறும் வாசனை.
கழற்றிய நாலு ஸ்க்ரூவையும்
என் உள்ளங்கையில் கொட்டியிருந்தான்.
மூடிக்கொண்டேன்.

“மொதல்ல அந்தத் திருகாணி கெடைக்கட்டும்” என்றேன்.

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.
“அந்த மணல்லயா?”
ஆமாம், அந்த மணலில்தான்.
அடுத்த ஞாயிறும் இறங்குவோம்.
சோடா மூடி ஒன்று கிடைக்கும்,
தவளை கத்தும்,
நான்தான் முதலில் குனிவேன்.