நாற்பத்தொன்று

வலது கால்தான் முதலில் சொன்னது.
மேல்விஷாரம் கம்பெனியில்
பதினோரு வருஷம் அப்பர் தைத்தவள் நான்.
அளவு பார்க்க எனக்கு டேப் வேண்டாம்.
முப்பத்தேழில் நுழைந்துகொண்டிருந்த கால்
தீபாவளிக்கு முப்பத்தொன்பது கேட்டது
சித்திரையில் நாற்பத்தொன்று.
"இந்த வயசுல வளர்றியேடி பூங்காவனம்!"
பக்கத்து மிஷின் ஷாயிஸ்தா சிரித்தாள்
நானும்.
லாங்கு பஜார் பத்தர்
மோதிரத்தை அறுத்து எடுத்த அன்றைக்கு
சிரிப்பு வரவில்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி
அதில் மொச்சை அளவு கட்டி.
படத்தில் பேனாவால் வட்டம் போட்டார் டாக்டர்.
"இத்தினி நாளா இன்னாம்மா பண்ணீங்க?"
சொன்னேன்.
திட்டவில்லை.
எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.
பதினேழு மாசம்
ஒரே வரியில் அடங்கிவிட்டது.

ஓ.பி. பெஞ்சில் யாரும் பேரைக் கேட்பதில்லை.
நீ இன்னா சாப்ட்டுப் பார்த்த?
அதுதான் வணக்கம்.

குடியாத்தம் சகாயராஜ்,
பேண்ட் தைக்கிறவர்.
அமுக்கராப் பொடி, பாலில், ஒன்பது மாசம்.
"தூக்கம் வந்துச்சும்மா, பொய் சொல்லக் கூடாது.
தாடை மட்டும் அது பாட்டுக்கு நீண்டுகினே போச்சு."

ஒடுகத்தூர் தெய்வானைக்குப்
பிள்ளை பெறாமலே ஜாக்கெட் நனைந்தது.
மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினாளாம்
மூணு முழம், தினமும்.
"பால் நிக்கல. வாசத்துக்கு
வூட்டுக்காரர்தான் கிட்ட வந்தாரு."
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
பெஞ்சே குலுங்கியது.
டோக்கன் கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை.

மால்டாவிலிருந்து வந்தவளுக்குத் தமிழ் இல்லை.
எனக்கு வேறெதுவும் இல்லை.
பையைத் துழாவிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள்.
கருஞ்சீரகம்.
என் பையிலும் இருந்தது.
இரண்டையும் ஒரே கையில் கொட்டி
எது யாருடையது என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கதை?
ஆவாரம்பூ, வெந்தயம்,
ஜவ்வாது மலைத் தேன் என்று விற்ற ஏதோ ஒரு தேன்.
அணைக்கட்டு வைத்தியர் சூட்டு உடம்பு என்றார்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை
ஒரு வருஷம் கண்ணில்கூடப் பார்க்கவில்லை.
கட்டிக்கு
அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை
என்று இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
அந்த வரிசையில்
அழகில்லாத பெண்கள் என்றும் ஒன்று வரும்.
மூக்கு அகன்று நெற்றி புடைத்த அந்த மாசங்களில்
பஸ்ஸில் எவனாவது அதைச் சொன்னால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
பாலாறு வரும்.
மணலும் சீமைக் கருவேலமும்.
நீயும் நானும்தான் என்பேன்.

மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள்.
நாலாம் நாள் காலையில்
விரல் மடங்கியது.
வெறும் கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்
நர்ஸ் வந்து, வலிக்குதா என்று கேட்கும்வரை.
வீக்கம் போகும், எலும்பு திரும்பாது
என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.
திரும்பவில்லை.

இப்போதும் செக்கப்புக்குப் போனால்
புதிதாய் வந்த யாராவது என் கையைப் பார்த்துவிட்டு
நெருங்கி உட்காருவார்கள்.
நான் எதையும் மறைப்பதில்லை.
ஆவாரம்பூ இன்றைக்கும் குடிக்கிறேன் என்பேன்.
நாலு மணிக்கு, வெல்லம் போடாமல்.
அந்த நேரத்துக்கு அது நல்லாயிருக்கும்.
அப்புறம்
உன் மோதிரம் கழலுதா என்று கேட்பேன்.
கழலாவிட்டால்
பேச்சை அங்கேயே நிறுத்தி
ரத்தம் எடுக்கிற கவுண்டரைக் காட்டுவேன்.

போன வாரம் ஷாயிஸ்தா வந்தாள்
பேப்பரில் சுற்றிய ஜோடியோடு.
ஆம்பிளை செருப்பு, நாற்பத்தொன்று
ஜெர்மனிக்குப் போகவேண்டியது
தையல் கோணல் என்று தள்ளிவிட்டார்களாம்.
போட்டுப் பார்த்தேன்.
கச்சிதம்.
குனிந்து ஓரத்தைத் தடவினேன்.
கோணல்தான்.
என் தையல்
விரல் மடங்காத மாசத்தில் தைத்தது.