கடைசி விலை

ரப்தென் தமிழ் படித்தது சேலத்தில்.
ஐந்து குளிர்காலம்
பஸ் நிலையத்து மதிலோரம் கயிறு கட்டி
சுவெட்டர் விற்றானாம்.
அதனால் அவன் தமிழில் அளவு உண்டு, நிறம் உண்டு,
"துவைச்சா சாயம் போகாது" உண்டு.
கவிதை எழுத மட்டும் வேறு பாஷை.

எனக்கு அவன் ஒரு குரல்தான்.
ஹட்டனில், மாடிப்படிக்குக் கீழே,
என் கொமினிகேசன் கடையில்
போட்டோகொப்பி மெஷின் சூடாறும் நேரங்களில்
அவன் ஆங்கிலத்தை
ஒவ்வொரு வரியாக இந்தப் பக்கம் இழுத்து வந்தேன்.
இருபத்துமூன்று கவிதை. இரண்டு மழைக்காலம்.

ஒரு சொல்லில் சண்டை.
அகதி என்று போட்டிருந்தேன்.
குரற்பதிவு வந்தது,
பின்னணியில் பிரஷர் குக்கர்:
"அகதின்னா வந்தவன் அக்கா.
நான் எங்கேயும் வரலை. மைசூர் பக்கம்
மக்காச்சோளக் கொல்லையோரம் பிறந்தேன்.
வந்தது எங்கப்பா."

அகராதியைத் திறக்கவில்லை, அலுமாரியைத் திறந்தேன்.
என் அப்பா பழனியாண்டியின் பிளாஸ்டிக் உறையில்
கச்சேரி கொடுத்த கடதாசி.
நாட்டினம் என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு.
யாரோ ஒரு கிளார்க், தேத்தண்ணி குடித்து முடித்து,
அவசரமில்லாமல் அழுத்திப் போட்ட கோடு.
கவிதையில் அந்த இடத்தில் நானும்
கோடு போட்டேன்.
"இதை எப்படி வாசிக்கிறது?" என்றான்.
மூச்சு விடாமல் கொஞ்சம் நில்.
எங்கள் லயத்தில் அப்படித்தான் வாசித்தோம்,
முப்பது வருஷம்.

கப்பலேறிக் கூடலூர் போன பெரியம்மாவின் பேரன்களை
அங்கே சிலோன்காரன் என்கிறார்கள் என்றேன்.
சேலத்தில் அவனைக் கூப்பிட்டது
சீனாக்காரன் என்று.
அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில்
அரை நிமிஷப் பதிவு வீணாய்ப் போனது.

புதன்கிழமைகளில் அவன் ஒரு தூதரகத்துக்கு எதிரே நின்று
சிறையிலிருப்பவர்களின் பெயர்களை
பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதுபோல் வாசிப்பான்.
முப்பது பெயருக்குள் பொலிஸ் வந்துவிடும்.
ஒரு தடவை நாற்பத்தொன்று வரை போனான்.
அன்றைக்கு மட்டும்
லாக்கப்பில் நல்ல தூக்கம் என்றான்.

நவம்பரில் வெளியீடு, தொழிற்சங்க மண்டபத்தில்.
விசா வரவில்லை. ஏன் என்பதும் வரவில்லை.
பதினான்கு பேர் கூடினோம்,
சிவில் உடுப்பில் வந்த இருவரையும் சேர்த்து.
மூத்தவர் வாசலிலேயே நின்றார்.
இளையவருக்குக் குளிர்.
உள்ளே ஒரேயொரு வெறுங் கதிரை,
ரப்தெனுக்கென்று போட்டது.
"ஆள் இருக்கா?" என்று கேட்டார்.
யாருக்கும் பதில் தெரியவில்லை.
உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கூடட்டும் என்று
போனை எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கினோம்.
சொம்புக்குள்ளிருந்து பெயர்கள் வந்தன.
முப்பது தாண்டியது.
நாற்பத்தொன்று தாண்டியபோது
அவன் குரலே கொஞ்சம் தடுமாறியது,
அதற்கப்பால் சத்தமாய் வாசித்துப் பழக்கமில்லை.
இளையவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.
எழுத்துக்கூட்டுப் பிடிபடாமல்
புஷ்பகாந்தி டீச்சரிடம் குனிந்து கேட்டார்.
டீச்சர் பிழை திருத்தினாள்.
நூற்றெட்டு பெயர்,
இப்போது ஹட்டன் பொலிஸில் பத்திரமாக இருக்கும்.

பிறகு அந்தக் கவிதை. கோடு வந்த இடத்தில்
அவன் நின்றான்.
தகரத்தில் மழை.
லைன் கட்டாகிவிட்டதோ என்று
இளையவர் எழுந்து சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

கலைகிற நேரம் புத்தகத்தைப் புரட்டினார்.
"எவ்வளவு?"
முந்நூற்றைம்பது.
"கடைசி விலை?"
அணைக்க மறந்த சொம்பு தும்மியது,
இல்லை, சிரித்தது:
"சார், துவைச்சா சாயம் போகாது."

முந்நூறு கொடுத்தார்.
ரசீது வேண்டும் என்றார்.
யார் பெயருக்கு என்றேன்.
வாசலில் நின்ற மூத்தவரை ஒருதரம் பார்த்துவிட்டு,
மெதுவாக,
கோடு போடச் சொன்னார்.