திகதி என்றொரு நிரல்

முதல் லெக்சரில் ஹஸ்மியா மெடம் சொன்னார்:
ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே,
ஒரு நாள் ஒன்று மற்றதைப் பொய்யாக்கும்.
கொப்பியில் அடிக்கோடிட்டேன்.
அன்றைக்கே கன்டீனில்
நுஸ்கிக்கு ஒரு கதையும் பர்ஹாவுக்கு வேறு கதையும் சொல்லி
மாட்டிக்கொண்டேன்.

பெயரை முதன்மைச் சாவியாக்கக் கூடாது என்பதற்கு
எங்கள் வகுப்பில் விளக்கம் தேவைப்படவில்லை.
பதினொரு முஹம்மட், நான்கு பாத்திமா.
கடைசிப் பெயர் கேட்ட கட்டத்தில்
பிரதீஷன் அப்பாவின் பெயரைப் போட்டான்;
செமஸ்டர் முழுக்கக் கணினி அவனை
குணநாயகம் என்றே கூப்பிட்டது.
குணநாயகமோ தம்பிலுவில்லில்
வயலுக்கு உரம் எறிந்துகொண்டிருந்தார்.

அசைன்மென்டுக்கு மற்றக் குழுக்கள்
நூலகம், பார்மசி, ஹோட்டல் என்று எடுத்தன.
நாங்கள் ஒலுவில் கரைத் தோணிகளை எடுத்தோம்.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை,
நடந்தே போகலாம், பஸ் காசு மிச்சம்.

லெப்பின் ஏசிக் குளிரில் படம் வரைந்தோம்.
ஒரு தோணி. ஒரு உரிமையாளர்.
நடுவில் நேரான கோடு.

கலந்தர் காக்கா சூடை மீனை
வலையிலிருந்து கழற்றியபடியே சிரித்தார்.
"தோணி நானும் மச்சானும் வாங்கினது.
எஞ்சின் அட்டாளைச்சேனை முதலாளிட.
வலையில அரைவாசி என்ட பொண்டாட்டிட,
காப்பு அடகு வைச்சு எடுத்தது.
இப்ப சொல்லுங்க தங்கச்சி,
தோணி ஆர்ட?"

சந்துனிக்குத் தமிழ் பாதிதான் புரியும்.
அந்தப் பாதியே போதுமாயிருந்தது,
அழிறப்பரை எடுத்துவிட்டாள்.

பலருக்குப் பல என்றால் நடுவில் ஓர் அட்டவணை.
பங்கு என்று பெயர் வைத்தோம்.
அவர்கள் அதை எப்போதோ வாயிலேயே வைத்திருந்தார்கள்:
மண்ணெண்ணெய் கழித்து, ஐஸ் கழித்து,
எஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று
விரல் மடக்கி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.
எனக்கு ஐந்து அட்டவணை, ஒன்பது சாவி,
இரண்டு பனடோல்.

பிறகு முகவரி.
வாடி எங்கே காக்கா என்றேன்.
கையை நீட்டினார். அலைதான் இருந்தது.
"அதுக்குள்ளதான். ஒம்பது தென்னையும் நின்டது.
நீங்க எழுதுங்க, கார்ட்டுல அப்படித்தான் கிடக்கு."

இல்லாத நிரையை அந்நியச் சாவி சுட்டினால்
கணினி ஏற்காது.
தபால்காரர் ஏற்கிறார்.
அந்த முகவரிக்கு வரும் கடிதத்தை
தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்று கொடுக்கிறார்.

மெடம் ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
வெற்றாக விடுங்கள், என்றார்,
வெற்று என்றால் பூச்சியமல்ல, தெரியாது என்று பொருள்.
தெரியுமே மெடம்,
எந்த அலைக்குள் என்றுகூடத் தெரியுமே.
கேட்கவில்லை. ஐந்து மார்க் அவர் கையில் இருந்தது.

ஒப்படைக்க முதல் நாள் கரண்ட் போனது.
நாற்பத்து மூன்று நிரைகள்.
கமிட் கொடுக்க வேண்டியவள் நான்.
இரவு முழுக்க நுஸ்கி பேசவில்லை.

சுபஹு தொழுதுவிட்டு மறுபடி கரைக்குப் போனேன்.
அதே கேள்விகள், அதே ஆட்கள்.
பதில்கள் வேறு.
மச்சானின் பங்கு அவர் மகனுக்கு மாறியிருந்தது,
கட்டாருக்கு விசா வந்துவிட்டதாம்.
காப்பு மீண்டு கையில் ஏறியிருந்தது.
எஞ்சின் மணலில் கிடந்தது,
முதலாளி கழற்றச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

"போன கிழமை வேற சொன்னீங்களே காக்கா."
"அது போன கிழமை."

லெப் திறக்கும்வரை படிக்கட்டில் இருந்தேன்,
செருப்புக்குள் மணல்.
திறந்ததும் ஒவ்வோர் அட்டவணையிலும் கடைசியாக
ஒரு நிரல் சேர்த்தேன்: திகதி.

பி மைனஸ்.
சிவப்பு மையில் ஒரு வரி,
இந்த நிரலின் தேவை என்ன?
விடை எழுதக் கீழே இடம் விட்டிருந்தார்,
ஒரு விரல் அகலம்.