மணல்மூட்டை

எங்கள் மாநிலத்துப் பள்ளிகளுக்கெல்லாம்
கழுகு, கரடி, காட்டெருமை.
ஹெல்மர் பள்ளிக்கு மட்டும் மணல்மூட்டை.
இரண்டு கண். கறுப்பு நூலில் தைத்த சிரிப்பு.
கீழே பிதுங்கிக்கொண்டு
என் இரண்டு கால்கள்.

சாக்கு அரிக்கும்.
அக்டோபர் குளிரிலும் பிடரியில் வியர்வை ஓடும்.
கண் துளை வழியே ஆட்டம் தெரியாது,
கோச் ட்வெய்ட்டின் தொப்பை தெரியும்.
வயிற்றில் அடைத்திருப்பது பழைய செய்தித்தாள்,
குதித்தால் சரசரக்கும்.

பெயர் வந்த கதை ஊருக்கே மனப்பாடம்.
ஐம்பத்திரண்டில், ஏப்ரலில்,
வடக்கே போகிற எங்கள் ஆறு
முன்னால் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள
திரும்பி ஊரைப் பார்த்தது.
பேஸ்பால் பையன்கள் பதினொரு பேர்
மட்டையைப் போட்டுவிட்டு
மூன்று ராத்திரி மூட்டை அடுக்கினார்கள்.
அந்த வருஷம் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.
ஆனாலும் கோப்பை அலமாரியின் நடுத்தட்டில்
இருப்பது ஒரு மூட்டை.

"கழுகு பறந்திருக்கும், கரடி மரமேறியிருக்கும்.
வைத்த இடத்தில் இருந்தது எது?"
வருஷா வருஷம் தலைமையாசிரியர் கேட்பார்.
"மூட்டை!" என்று கத்துவோம்,
தரை அதிர.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார்விக்.
எங்களோடு ஆட வரும்போதெல்லாம்
அவர்கள் ஒரே கோஷம்தான் போடுவார்கள்:
மூட்டையைத் திருப்பிக் கொடு! மூட்டையைத் திருப்பிக் கொடு!
நல்ல தாளம்.
மூன்று வருஷம் அதற்குத்தான் ஆடினேன்,
இடுப்பில்லாத உடம்பை வைத்துக்கொண்டு.

செப்டம்பரில் யாரோ எறிந்த பந்து
அலமாரிக் கண்ணாடியை உடைத்தது.
சில்லு பொறுக்க என்னைக் கூப்பிட்டார்கள்,
"மூட்டைக்கு நீதானே சொந்தம், மாரென்."
ஒரு மூலை கிழிந்து மணல் கொட்டியிருந்தது.
உதறி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன்.
மங்கிய நீல முத்திரை:
கார்விக் மாவு மில்.

நூலகத்துப் பழைய நாளிதழில்
ஐந்தாம் பக்கம், டிராக்டர் விளம்பரத்துக்குப் பக்கத்தில்
எட்டே வரி.
பதினாலாம் தேதி இரவு பாலம் தாண்டிப் போன
இரண்டு லாரிகள்.
காலியாகப் போயின என்று இருந்தது.
திரும்பியது பற்றி ஒன்றும் இல்லை.
பதினாறாம் தேதி
கார்விக் கடைத்தெருவில் நாலடித் தண்ணீர்.
யாரும் சாகவில்லை.
நாற்பது பன்றி, ஒரு பியானோ,
ஒரு பள்ளிக்கூடம்.

அவர்கள் பள்ளி ஏன்
ஊரைவிட்டு அவ்வளவு தள்ளி, மேட்டில் இருக்கிறது என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த மேட்டில் ஆட்டம்.
யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை நான்,
சொல்ல எடுத்த இரண்டு தடவையும்
கோச் பஸ்ஸில் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.
இடைவேளையில் கோஷம் எழுந்தது.
கால் தானாகத் தாளம் பிடித்தது.
பிடித்து நிறுத்தினேன்.

எங்கள் பக்கம் முணுமுணுத்தது,
மூட்டைக்கு என்ன ஆச்சு?

வேலிக்குக் கீழே நுழைந்து ஒரு பொடியன்,
கார்விக் பொடியன், கடுகு அப்பிய வாய்,
என் வயிற்றில் ஒரு குத்து விட்டான்.
கை உள்ளே போயிற்று.
"கனமே இல்லையே?"
"பேப்பர்தான்," என்றேன் உள்ளிருந்து.

எடுத்த கையைப் பார்த்தான்.
தைத்த வாயைப் பார்த்தான்.
"அப்போ தண்ணி வந்தா?"

விசில் ஊதிவிட்டார்கள்.