ஏழாவது கட்டம்

படிவத்தில் பதின்மூன்று கட்டங்கள்.
மரத்தின் பெயர், அடிமரச் சுற்றளவு,
நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது,
உயிரோடிருக்கிறதா.
ஏழாவதில்தான் என் பென்சில் முறியும்:
நட்டவர் யார்?

ஹூண்டேக்கு மேற்கே, இந்தப் பக்கத்தில்,
நிலம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.
ஒரு கோழி, நாலு கோலாக் கொட்டை,
ஒரு சுரைக்குடுக்கை சோளக் கள்.
வருடத்துக்கு அவ்வளவுதான்.
பருத்தி போடலாம். கம்பு, எள், என்ன வேண்டுமானாலும்.
மரம் மட்டும் கூடாது.

கம்பு நாலு மாதத்தில் எழுந்து போய்விடும்.
மரம் உட்கார்ந்துகொள்ளும்.
உட்கார்ந்தது ஒருநாள் வழக்கில்
நட்டவர் பக்கம் சாட்சி சொல்லும்.

கிப்ஸா வடக்கிலிருந்து வந்தவள்,
மழை பொய்த்த வருடம்,
சைக்கிளின் பின்னால் ஓர் அண்டாவும் ஒரு மகனுமாக.
நிலம் டோஃபினி வீட்டாருடையது.
பதினொரு கோழி கொடுத்தாயிற்று.

அவள் கம்பு வயலில் ஷியாக் கன்றுகள்.
முழங்கால் உயரம். முப்பத்தொன்று.
எண்ணி முடித்து நிமிர்ந்தபோது
டோஃபினி வயலோரம் நின்றிருந்தார்,
பல்குச்சியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

"யார் நட்டது?"
என் கேள்வியை அவரே கேட்டுவிட்டார்.

"வௌவால்" என்றாள்.
"பழத்தைத் தின்கிறது, கொட்டையைப் போடுகிறது.
யார் நிலம் என்று அதற்குத் தெரியுமா?"

அவர் ஒரு கன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தார்.
பத்து எட்டு.
அடுத்ததற்கும் பத்து.
திரும்பி வந்தார்.
"கயிறு பிடித்துப் பறக்குமோ உன் வௌவால்?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
மேலே அரசாங்கச் சட்டை; விழுங்கிக்கொண்டேன்.

கிப்ஸா களைக்கொத்தைத் தோளிலிருந்து இறக்கினாள்.
"நான் எதையும் நடவில்லை.
வரிசைக்கு வெளியே முளைத்ததைக் கொத்திப் போட்டேன்.
களையெடுப்பது என் வேலை,
நீங்கள் சொன்னதுதானே."

ஷியா காய்க்கப் பதினைந்து வருடமாகும், இருபதும் ஆகும்.
அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று.

அதுவரை புதர்க்காட்டு மரங்கள்தான்.
விடியுமுன் டார்ச்சோடு ஓட வேண்டும்,
பாம்பு விழிக்குமுன், அடுத்த தெருப் பெண்கள் விழிக்குமுன்.
ஜூலையில் குதிர் காலி.
போபோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற வியாபாரி
இன்னும் உடைக்காத கொட்டைக்கு முன்பணம் வைப்பான்.
பணம் அவன் எண்ணுவது, கிண்ணமும் அவனுடையது;
குவித்துத்தான் அளப்பான்.
அதே கொட்டை அக்டோபரில் இரண்டு மடங்கு.
கப்பலேறி, டப்பிக்குள் போய்,
ஏதோ ஊரில் யார் கன்னத்திலோ ஏறும்போது
என்ன விலையோ;
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

டோஃபினி நெடுநேரம் பல் குத்தினார்.
"என் நிலத்தில் வௌவால் போட்டால்
மரம் என்னுடையது."
"ஆமாம்."
"கொட்டை?"
"கீழே விழுவது வௌவாலின் எச்சில்.
எச்சிலைப் பொறுக்குவது பெண்கள் வேலை.
அதுவும் நீங்கள் சொன்னதுதான்."
"அதை நான் சொல்லவில்லை" என்றார்.
ஆனால் மறுக்கவுமில்லை,
கோழி எங்கே என்று கேட்டார்.

ஏழாவது கட்டத்தில் வௌவால் என்று எழுதினேன்.
தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது:
மனிதப் பெயர் தேவை. திருத்தவும்.
திருத்தவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மறுவருடம் போனேன்.
முப்பது.
நடு வரிசையில் ஒரு குழி,
வேரோடு பிடுங்கிய குழி, விளிம்பில் மண் இன்னும் ஈரம்.

"ஆடு" என்றாள் கிப்ஸா, குழியைப் பார்க்காமல்.
"ஆடுதான்" என்றார் டோஃபினி, அவளைப் பார்க்காமல்.

சுற்று வட்டாரத்தில்
யார் வீட்டிலும் ஆடில்லை அந்த வருடம்;
பள்ளிக் கட்டணத்துக்கே எல்லாம் விற்றாயிற்று.
எட்டாவது கட்டம், சேதத்தின் காரணம்:
ஆடு
என்று எழுதினேன்.
அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.