சம்பளச் சான்றிதழ்

மங்காஃப், மூன்றாம் மாடி, ஜூன்.
ஏசி சொட்டும் வாளி பாதி நிறைந்திருக்கிறது.
ஹாலில் அம்மா பார்த்துக்கொள்ளும்
பிறத்தியார் பிள்ளைகள் மூவர்
வாய் திறந்து தூங்குகிறார்கள்.
பினாங்கில் அலுவலகம் மூடும் நேரம்
இங்கே பகல் பன்னிரண்டு.
மணி பதினொன்று இருபது.

திருச்சியில் முழுக் கட்டணமும் தள்ளுபடி.
பி.காம். ஆறு மணிக்கு விடுதிக் கதவு அடைபடும்.
போன ஆடியில் போய்ப் பார்த்தோம்.
நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்க்காமல்
"கல்ஃப் பிள்ளை, வெயில் தாங்குமா?"
என்று அப்பாவைக் கேட்டார்.
ஐம்பது டிகிரியில் பள்ளி வேனுக்கு நின்றவள் நான்.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்,
அதற்கும் மதிப்பெண் இருக்குமோ என்று.

ஷார்ஜாவில் பாதி.
ஒரு செமஸ்டர் சறுக்கினால் அந்தப் பாதியும் இல்லை.
அவர்கள் அனுப்பிய படத்தில்
எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அந்தத் திசையில் என்ன இருக்கிறதென்று
கடைசிவரை தெரியவில்லை.

பினாங்கு நாற்பது சதவீதம்தான் தந்தது.
கடல் உயிரியல்.
கடல் வேண்டாமென்று மணப்பாட்டிலிருந்து
விமானம் ஏறியவர் அப்பா.
நேர்காணலில் அந்த ஆசிரியை
என் மதிப்பெண்ணைத் தொடவே இல்லை.
சேற்றில் நடக்கும் மீனை
முதலில் எங்கே பார்த்தாய் என்றார்.
சுலைபிகாத்தில், ஏழாம் வகுப்பில்,
ஒரு செருப்பு சேற்றோடு போனது,
மற்றதை நானே வீசிவிட்டேன் என்றேன்.
போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி
ஒரு வாளியைக் காட்டினார்.
உள்ளே ஏதோ அசைந்தது.
நேரம் முடிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அப்பா மத்தி வாங்கிய ரசீதின் பின்பக்கம்
தினாரை ரிங்கிட்டாக்கி, அதை ரூபாயாக்கி,
மறுபடி தினாராக்கினார்,
சுற்றி வந்தால் குறையும் என்பதுபோல.
"உனக்கு எது புடிக்குதோ" என்றார்.
அந்த வாக்கியத்துக்கு
எங்கள் வீட்டில் முற்றுப்புள்ளி கிடையாது.

வெள்ளிச் சந்தையில் பழைய சைக்கிளுக்கு
கால் தினார் விடாமல் பேரம் பேசிய வாய்
"மதிப்பிற்குரிய" என்று தொடங்கியது.
இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?
பதில் வந்தது:
தந்தையின் சம்பளச் சான்றிதழ் இணைக்கவும்.

பதினேழு வருடம் அவர் சொல்லாத எண்.
இரண்டு நாள் கழித்து உறையை மேசையில் வைத்தார்,
குளிக்கப் போனார்.
ஜூனில் எங்கள் குழாயில் வருவது கொதிநீர்.
யாரும் அவ்வளவு நேரம் குளிப்பதில்லை.

ஜெரோம் மச்சாது. ஸ்டோர் உதவியாளர்.
பள்ளிப் படிவங்களில் பன்னிரண்டு வருடமாய்
ஸ்டோர் மேலாளர் என்று எழுதிவந்தது என் கை.
அதன் கீழே எண்.
அதற்குள் எங்கள் வாடகை அடங்காது.
என் பள்ளிக் கட்டணம் அடங்காது.
வெள்ளிதோறும் அவர் பார்க்கப் போகும்
நண்பர் யாரென்று அப்போது புரிந்தது.

மூன்று முறை படம் எடுத்தேன்.
மூன்றிலும் என் கையின் நிழல்
சரியாக அந்த எண்மேல் விழுந்தது.
நான்காவதை அனுப்பினேன்.

இன்று காலை ஐம்பத்தைந்து என்று வந்தது.
இன்னும் எட்டவில்லை.
"பாத்துக்கலாம்" என்றார் அப்பா போனில்.
பின்னால் ஃபோர்க்லிஃப்ட்
பின்வாங்கும் சத்தம்.

திருச்சிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டேன்.
அது சுலபமாக இருந்தது.
அதுதான் பயமாக இருக்கிறது.
பினாங்குப் பக்கத்தில் "ஏற்கிறேன்" என்ற பொத்தான்
நீலமாய்க் காத்திருக்கிறது.

ரித்து எழுந்துவிட்டாள்.
ஏசி வாளிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவுகிறாள்.
"அக்கா, உள்ள என்ன இருக்கு?"

தெரியல.
கொட்டிடாத.