ஐம்பது பாஸ்கல்

வாசற்கதவை அகலத் திறந்து
நிலைக்குள் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவில் விசிறியைப் பொருத்துகிறேன்.
வெளியே கழித்தல் இருபத்துமூன்று.
கயானி ஏரி
நேற்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டது.

வீட்டின் மூச்சை உறிஞ்சி வெளியே தள்ளுவது
என் தொழில்.
எந்த ஓட்டை வழியே அது
திரும்ப மூச்சு வாங்குகிறது என்று
கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

சுவருக்குள் நாற்பது சென்டிமீட்டர் பழைய செய்தித்தாள்.
பஞ்சாக அரைத்து, தீப்பிடிக்காத உப்புக் கலந்து
செப்டம்பரில் குழாயால் ஊதி அடைத்தோம்.
அன்று என் முழங்கையில் ஒட்டிய துணுக்கில்
'மலர்கள் வேண்டாம்' என்ற இரண்டு சொல் மட்டும்
அரைபடாமல் இருந்தது.
யாருடைய சாவோ.
அதையும் உள்ளே போட்டேன்.
தேர்தல் முடிவு, ஹாக்கித் தோல்வி,
உருளைக்கிழங்குத் தள்ளுபடி
எல்லாம் இப்போது ஒரே சாம்பல் நிறம்,
சூட்டைப் போகவிடாமல்
பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே வேலை.

விசிறி சுழல்கிறது.
ஐம்பது பாஸ்கலில் எண் நிற்கிறது:
பூஜ்யம் புள்ளி ஒன்பது.
"அரைக்குக் கீழே என்று எழுதிக் கொடுத்தீர்களே"
என்கிறார் அவுனே ஹெய்ஸ்கனென்.
பழைய வீட்டில்
படுக்கையோரம் வைத்த தண்ணீரை
விடிந்ததும் தட்டினால் டிங்கென்று கேட்குமாம்.
முப்பத்தோரு குளிர்காலம்.
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கனமீட்டர் பிர்ச் விறகு.
கணக்கு வைத்திருக்கிறார்.
கணவர் தைஸ்தோவிடம் கணக்கு இல்லை.
வெட்டியவர் அவர்.

மின்வேலை பார்த்த வெய்யோ
பூட்ஸைக் கழற்றும் முன்பே சொல்கிறான்,
"என் ஓட்டை இல்லை."
குழாய்க்காரர் போனில் சொல்கிறார்,
"என் ஓட்டையும் இல்லை."
ஓட்டைக்கு என்றைக்கும் அப்பன் கிடையாது.

புறங்கையை நக்கி ஈரமாக்கிக்கொண்டு
சுவரோடு சுவராக நடக்கிறேன்.
ஜன்னல் ஓரம், இல்லை.
அடுப்பு மூலை, இல்லை.
சாவுனா அறையில், மேல்பலகைக்குப் பின்னால்,
அலுமினியத் தாளின் மடிப்பில்
சுருக்கென்று
ஓர் ஊசி.
புகைப்பேனாவை நீட்டினால்
புகை மிரண்ட பூனையாய்ப் பின்வாங்குகிறது.
கம்பிக்கட்டு போன இடம்.
என் முஷ்டி நுழைகிறது.

வெய்யோ கூரையைப் பார்க்கிறான்.

நாடா. பசை. இன்னும் ஒரு நாடா.
பூஜ்யம் புள்ளி நான்கு எட்டு.
அவுனே கைதட்டவில்லை,
மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார்.

விசிறியை அணைத்து, துணியை அவிழ்த்து,
கதவைச் சாத்தினேன்.
அப்போதுதான் வந்தது அது.
மூன்று கண்ணாடிக்கு அப்பால்
பைன் மரங்கள் வாயசைக்கின்றன.
பனிவண்டி ஒன்று போகிறது,
ஊமைப்படத்தில் போவதுபோல.

தைஸ்தோ காப்பி குடிக்கிறார்.
அது தொண்டையில் இறங்குவது எனக்குக் கேட்கிறது.
அவுனேவுக்கும்.
இத்தனை காலமும் இருவருக்கும் நடுவில்
பேசிக்கொண்டிருந்தது
ஜன்னலிடுக்குக் காற்று.
அதை நான் இன்று வெளியே நிறுத்திவிட்டேன்.

கோப்பையை மெல்ல வைக்கிறார்.
மேசை அதையும் சொல்லிவிடுகிறது.
"விறகு?" என்கிறார்.
"சாவுனாவுக்கு மட்டும் போதும்.
வருடத்துக்கு ஒன்றரை கனமீட்டர்."
மீதிப் பத்தரையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவர் கைகள் மடியில் கிடக்கின்றன.

வண்டியில் கருவிகளை ஏற்றுகிறேன்.
பக்கத்து வீட்டுக் கூரையில் பனி உருகி
ஈட்டி ஈட்டியாய்த் தொங்குகிறது.
இந்தக் கூரையில்
விழுந்த பனி விழுந்தபடி.
ஜன்னலுக்குள் அவுனே ஏதோ சொல்கிறார்.
தைஸ்தோ நிமிர்ந்து
ஏதோ பதில் சொல்கிறார், நீளமாக.

ஒரு சொல்கூடக் கசியவில்லை.